பூட்டிய கை ஊட்டவும் வேண்டும்!

ஊரைப் பூட்டு என்று உத்தரவிடுவது எளிது. ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதும். பூட்டிய வீட்டுக்குள்ளே அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பதுதான் அரிது. அதற்குப் பணம் வேண்டும்; பணத்தினும் மேலாக மனம் வேண்டும். மனமில்லாத ஆட்சி ஊரைப் பூட்டினால் என்ன நேரும் என்பதை இங்கிலாந்தின் வடபகுதி மக்கள் 2020-ஆம் ஆண்டில் கண்டார்கள். கண்ணீர் சிந்திக் கண்டார்கள்.

முடிந்துபோன கதையை இப்போது கிளறுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். கதை முடியவில்லை, தீர்ப்பு இப்போதுதான் எழுதப்பட்டு வருகிறது. கொரோனாக் கொள்ளைநோயை அந்நாட்டு ஆளவந்தார் கையாண்ட விதத்தை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி ஹாலெட் அம்மையார் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அரசின் முடிவுகளைப் பற்றிய அறிக்கையை அக்குழு 2025 நவம்பரில் வெளியிட்டது. செய்தது போதாது, செய்ததும் காலங்கடந்து என்பதே அதன் சாரம். 2020 மார்ச்சில் ஒரு வாரம் முன்னதாக நாட்டை முடக்கியிருந்தால் முதல் அலையில், இங்கிலாந்தில் மட்டும், ஏறத்தாழ 23,000 உயிர்கள் தப்பியிருக்கும் என்று அது மதிப்பிட்டது. இருபத்து மூவாயிரம்! எண்ணிக்கையாகப் படித்தால் ஒரு வரி. வீடு வீடாகப் போய்ப் படித்தால் முடிவில்லாத ஒப்பாரி.

ஆகவே, முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாம் முடக்கத்தை எதிர்ப்பவர்கள் அல்லர். நோய் பொல்லாதது, கட்டுப்பாடு தேவை, விஞ்ஞானம் சொன்னதைக் கேட்டே ஆகவேண்டும். நம் கேள்வி வேறு. நோயைத் தடுக்கக் கதவை அடைத்தீர்கள், சரி. அடைத்த கதவின் விலையை யார் தலையில் கட்டினீர்கள்?

மான்செஸ்டர் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவில் வருவது மல் துணி. நூற்பாலைப் புகையில் வளர்ந்த பாட்டாளி நகரம் அது. நமது கோவைக்குத் 'தென்னிந்திய மான்செஸ்டர்' என்ற பட்டப்பெயரை இரவல் தந்த நகரம். அந்நகரோடு சால்ஃபோர்டு, போல்ட்டன், பரி, ஓல்டாம், ராச்டேல், விகன் முதலான ஊர்களும் சேர்ந்த பத்து வட்டாரங்களுக்குக் கிரேட்டர் மான்செஸ்டர் என்று பெயர். 28 இலட்சம் மக்கள். அவர்களே நேராக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மேயர் ஒருவர் உண்டு. 2020-இல் அந்தப் பொறுப்பில் இருந்தவர் தொழிற்கட்சியின் ஆண்டி பர்னம். இலண்டனில் ஆட்சிக் கட்டிலில் வீற்றிருந்தவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் போரிஸ் ஜான்சன். சுகாதாரம் மாட் ஹான்காக் கையில். கருவூலம் ரிஷி சுனக் கையில். மேயருக்குப் பட்டம் உண்டு, பதவி உண்டு, மக்கள் தந்த வாக்கு உண்டு. பெட்டகத்தின் சாவி மட்டும் இலண்டனில்!

நோயின் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்? இலட்சம் பேரில், ஒரு வாரத்தில், புதிதாக எத்தனை பேருக்குத் தொற்றியது என்று எண்ணுகிறார்கள். 2020 ஜூன் இறுதியில் லெஸ்டர் நகரில் அந்த எண் 135. அதற்கு அடுத்த நகரத்தைப்போல மூன்று மடங்கு என்றார் அமைச்சர் ஹான்காக். ஜூன் 29-ஆம் நாள் அந்த ஒரு நகரத்தை மட்டும் தனியே பிரித்து முடக்கினார்கள். நாட்டிலேயே அதுதான் முதல் தனி முடக்கம். எண் பொய்யல்ல, மறுக்கவில்லை. ஆனால் அந்த எண் எந்தத் தெருவில் பிறந்தது, எந்த ஆலையில் வளர்ந்தது, எந்த வீட்டு வரிசையில் பரவியது என்ற விவரத்தை வாரக்கணக்கில் கேட்டும் கிடைக்கவில்லை என்று நகர மேயர் குமுறினார். நாடியை இலண்டனில் பிடித்துக்கொண்டு, கசாயத்தை மட்டும் லெஸ்டரில் குடிக்கச் சொன்ன வைத்தியம் இது!

அடுத்து மான்செஸ்டர். ஜூலை 30-ஆம் நாள் இரவு 9 மணிக்குமேல், ட்விட்டரில் அமைச்சர் திருவாய் மலர்ந்தருளினார்: நள்ளிரவு முதல் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாரோடு வீட்டுக்குள் கூடக்கூடாது, கிரேட்டர் மான்செஸ்டருக்கும், இலங்காஷயர், யார்க்ஷயர் பகுதிகள் சிலவற்றுக்கும் இது சட்டம். மறுநாள் என்ன நாள்? இஸ்லாமியப் பெருமக்களின் பக்ரீத் திருநாள்! உறவினரை அழைத்தாயிற்று, உலை வைத்தாயிற்று. இரவு உறங்கப் போகுமுன் தடை வந்தாயிற்று. தடை தவறென்று சொல்லவில்லை. மூன்று மணி நேர அவகாசத்தில் இலட்சக்கணக்கான மக்களின் வாழ்வை மாற்றுகிறவர்கள், அந்த மக்களை மனிதராக மதித்தார்களா என்று கேட்கிறோம்.

செப்டம்பர் 2-ஆம் நாள் கூத்து இதனினும் பெரிது. அன்று போல்ட்டனிலும் டிராஃபோர்டிலும் தடை நீங்கியதாக அறிவிப்பு. தொற்று ஏறுகிறது, நீக்காதீர்கள் என்று உள்ளூரார் மன்றாடிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. நண்பகலில் மனம் மாறித் தடை மீண்டும் வந்தது. காலையில் திறப்பு, மதியத்தில் பூட்டு! இடைப்பட்ட நேரத்தில் கடையைக் கூட்டிக் கோலம் போட்டவன் யாரைக் கேட்பான்?

வடக்கில் ஏன் எண் ஏறியது? அங்குள்ளவர்கள் அடங்காப்பிடாரிகள் என்பதாலா? இல்லை. வசந்தகால அலை இலண்டனில் முன்னதாக எழுந்து முன்னதாகத் தணிந்தது. வடமேற்கில் பிந்தி எழுந்து மெல்லத் தணிந்தது. ஆனால் தளர்த்தும் நாள் எல்லோருக்கும் ஒன்றே. ஜூலை 4-இல் இங்கிலாந்து முழுதும், லெஸ்டர் நீங்கலாக, மதுவிடுதிகள் திறந்தன. தலைநகரத்தின் கடிகாரத்தைப் பார்த்து ஆலை நகரத்தின் கதவைத் திறந்தார்கள். அணையாத கங்கின்மேல் வைக்கோலைப் போட்டதுபோல் ஆயிற்று.

இன்னொரு காரணம் உண்டு. தொழிலாளித் தோழர்கள் சொல்லாமலே அறிவார்கள். வீட்டில் இருந்தபடியே கணிப்பொறியில் வேலை பார்க்கும் வாய்ப்புப் பெற்றவர்கள் சிலர். பேருந்தை வீட்டிலிருந்து ஓட்ட முடியுமா? கிடங்கில் மூட்டையை வீட்டிலிருந்து அடுக்க முடியுமா? முதியோர் இல்லத்துக் கிழவியை வீட்டிலிருந்தபடி குளிப்பாட்ட முடியுமா? நோய் கண்டு வீட்டில் படுத்தால், சட்டப்படி வாரத்துக்குக் கிடைக்கும் நோய்க்காலப் படி அப்போது 95 பவுன் 85 பென்னி. அதற்குச் சற்று முன்னர்வரை அது 94 பவுன் 25 பென்னி. அந்தத் தொகையில் உங்களால் வாழ முடியுமா என்று 2020 மார்ச்சில் தொலைக்காட்சி விவாதத்தில் அமைச்சர் ஹான்காக்கைக் கேட்டார்கள். முடியாது என்று அவரே ஒப்புக்கொண்டார்! அமைச்சரால் வாழ முடியாத தொகையில் ஆலைத் தொழிலாளி வாழவேண்டும், வாழ்ந்தபடியே தனித்திருக்கவேண்டும், தனித்திருந்து நாட்டைக் காக்கவேண்டும். இருமலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவன் கயவனா? அவனை அனுப்பியது நோயா, பசியா?

செப்டம்பர் 21-ஆம் நாள் அரசின் சொந்த விஞ்ஞான ஆலோசனைக் குழு, குறுகிய காலத்துக்கு நாடு தழுவிய முடக்கம் ஒன்றை முதல் வழியாக எடுத்துச் சொன்னது. பிரதமர் கேட்டாரா? மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 12-ஆம் நாள், மூன்றுபடித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். தொற்றுக் குறைந்த வட்டாரம் முதற்படி. கூடியது இரண்டாம் படி. மிகக் கூடியது மூன்றாம் படி. லிவர்பூல் வட்டாரம் உடனே மூன்றாம் படியில் ஏற்றப்பட்டது, அடுத்து இலங்காஷயர். படியேறினால் உயர்வு என்பது உலக வழக்கு. ஏற ஏற இருட்டு என்பது இவர்கள் வகுத்த வழக்கு!

மூன்றாம் படியில் என்ன சட்டம்? வயிறார உணவு பரிமாறும் மதுவிடுதி திறக்கலாம். வெறும் குவளை நீட்டும் விடுதி மூடவேண்டும். தட்டு இருந்தால் திற, தட்டு இல்லையேல் அடை! இதனால் நோய் அடங்குமா? திட்டத்தை அறிவித்த அன்றே, பிரதமரின் பக்கத்தில் நின்ற தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி, மூன்றாம் படியின் அடிப்படை விதிகள் மட்டும் போதும் என்ற நம்பிக்கை தமக்கில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். இத்திட்டம் பலிக்காது என்று தெரிந்தே இருந்ததை, 2023 டிசம்பரில் விசாரணைக் குழுவின் முன் ஹான்காக்கும் ஒப்புக்கொண்டார். பலிக்காத மருந்தென்று அறிந்தே புட்டியைத் திறந்தார்கள். குடிக்க வடக்கைக் கூப்பிட்டார்கள்!

இனி விலைப் பட்டியலுக்கு வருவோம். 2020 மார்ச்சில் நாடு முழுதும் அடைபட்டபோது, வேலை நின்ற தொழிலாளிக்குச் சம்பளத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுன் வரை, அரசு கொடுத்தது. நல்ல திட்டம், பாராட்டுகிறோம். அது அக்டோபர் 31-உடன் முடிவதாக இருந்தது. அதற்குப்பின், அரசின் ஆணையால் மூடப்படும் தொழில்களின் ஊழியருக்கு 67 விழுக்காடுதான் என்று சுனக் அறிவித்தார். அப்போது இருபத்தைந்து வயது நிறைந்தவருக்கு அந்நாட்டில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8 பவுன் 72 பென்னி. இதற்குக் கீழே கொடுத்தால் சட்டக் குற்றம். அதில் 67 விழுக்காடு எவ்வளவு? 6 பவுன்கூடத் தேறாது! இதற்குக் குறைந்தால் மனிதன் வாழமுடியாது என்று ஒரு கையால் சட்டம் எழுதியவர்கள், அதில் மூன்றில் ஒரு பங்கை மறு கையால் வெட்டினார்கள். கூலி மூன்றில் இரண்டாகும். வீட்டு வாடகை மூன்றில் இரண்டாகுமா? குழந்தையின் பசி மூன்றில் இரண்டாகுமா?

இதைத்தான் பர்னம் கேட்டார். 80 விழுக்காடு கொடுங்கள், பிறகு பூட்டுங்கள் என்றார். சோதனைக்காக வடக்கைப் பலியிடுகிறீர்கள் என்று முழங்கினார். அவர் கட்சிக்காரர்கள் மட்டுமா உடன் நின்றார்கள்? அவ்வட்டாரத்துக் கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களும் மூன்றாம் படியை எதிர்த்தார்கள். அக்கட்சியின் பின்வரிசை உறுப்பினர்களுக்குத் தலைவராக விளங்கிய கிரகாம் பிராடியே எதிர்த்தார். 2019 டிசம்பர்த் தேர்தலில் வடக்கின் பாட்டாளித் தொகுதிகள் பல, தலைமுறை தலைமுறையாகத் தொழிற்கட்சிக்கு அளித்துவந்த வாக்கை ஜான்சனுக்கு அளித்திருந்தன. பர்னம் முன்பு உறுப்பினராக இருந்த லீ தொகுதியும் அவற்றுள் ஒன்று. வடக்கைத் தெற்குக்குச் சமமாக உயர்த்துவோம் என்று வாக்குறுதி தந்து பெற்ற வாக்கு அது. ஓராண்டு ஆகவில்லை, உயர்த்தினார்கள், மூன்றாம் படிக்கு!

பேச்சுவார்த்தை நடந்தது. குறைந்த கூலிக்காரரைத் தாங்க 9 கோடி பவுன் தேவை என்றது மான்செஸ்டர். ஏழரைக் கோடிக்கு இறங்கியது. ஆறரைக் கோடிக்கும் இறங்கியது. இதற்குக் கீழே ஏழையைக் காக்க முடியாது என்றது. அரசு ஆறு கோடியில் நின்றது. அக்டோபர் 20 நண்பகலுக்குள் முடிவு சொல் என்று கெடு வைத்தார்கள். இடைவெளி எவ்வளவு? 50 இலட்சம் பவுன். 28 இலட்சம் மக்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டு பவுன்கூட இல்லை! அந்த இரண்டு பவுனுக்காகப் பேச்சு முறிந்தது.

அன்று பிற்பகல் மான்செஸ்டர்த் தெருவில் பர்னம் செய்தியாளர்முன் நின்றார். 1819-இல் வாக்குரிமை கேட்டுத் திரண்ட உழைப்பாளிகளைக் குதிரைப்படை வெட்டிச் சாய்த்த பீட்டர்லூத் திடல் இருந்த இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்றவர் கைப்பேசியை நீட்டினார். மூன்றாம் படி உறுதி. தருவது 2 கோடியே 20 இலட்சம் பவுன் மட்டும் என்று அதில் செய்தி! 28 இலட்சம் மக்களின் மேயருக்கு, அவர்கள் தலையெழுத்து, நடுத்தெருவில், இன்னொருவர் கைப்பேசி வழியாகத் தெரியவந்தது. ஆறு கோடியும் தருவோம் என்று பின்னர் சொன்னார்கள். சொன்னபடி தரவும் முன்வந்தார்கள். ஆனால் அந்த ஒரு கணத்தை நாடே பார்த்துவிட்டது. பிச்சை கேட்டவனையும் அப்படி நடத்தமாட்டார்கள். அவர் கேட்டதோ பிச்சையல்ல, அந்த மக்கள் கட்டிய வரி.

இத்தனைக்கும் கருவூலம் காலியா? அவ்வாண்டு ஆகஸ்டில், உணவகத்துக்குப் போய்ச் சாப்பிடுங்கள், பாதிப் பணத்தை நாங்கள் தருகிறோம், ஆளுக்கு 10 பவுன் வரை என்று விருந்து வைத்தவர்கள் இவர்கள்தாம். அந்த விருந்தின் செலவு 84 கோடியே 90 இலட்சம் பவுன். தொற்றுள்ளவரைத் தேடிக் கண்டறியும் திட்டத்துக்கு அந்த நிதியாண்டில் ஒதுக்கியது 2,200 கோடி பவுன். பெரும் பகுதி தனியார் ஒப்பந்தங்களாகப் போயிற்று. நோயின் போக்கில் இத்திட்டம் அளந்து காட்டத்தக்க மாற்றம் எதையும் உண்டாக்கியதாகக் காட்டமுடியவில்லை என்று 2021 மார்ச்சில் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழுவே சொல்லிற்று. யானைக்குக் கரும்பு கட்டுக்கட்டாக. எறும்புக்கு நொய்யரிசி என்றதும் கணக்குப் புத்தகம்!

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? அக்டோபர் 17-இல் இலண்டன் இரண்டாம் படிக்கு வந்தது. ஐந்தே நாளில், 22-ஆம் நாள், இரண்டாம் படி வட்டாரங்களின் விடுதிகளுக்கு மானியம் என்று சுனக் எழுந்து அறிவித்தார். ஆகஸ்டு தொடங்கி வடக்கின் விடுதிகள் வாடிக் கிடந்தபோது வராத ஞானம் அது. முன்தேதியிட்டு வடக்குக்கும் கொடுத்தார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் பெட்டகம் எந்தக் கதவைத் தட்டியபோது திறந்தது என்பதை நாடு குறித்துக்கொண்டது. அதே வாரத்தில், வேல்சு நாட்டு முதலமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்டு, எங்கள் முடக்கத்துக்கு உதவியாகப் புதிய ஊதியத் திட்டத்தைச் சில நாள் முன்னதாகத் தொடங்குங்கள் என்று கேட்டார். முடியாது என்றது கருவூலம்.

அக்டோபர் 31 வந்தது. நோய் நாடெங்கும் பரவிவிட்டது. இங்கிலாந்து முழுவதையும் நவம்பர் 5 முதல் முடக்குவதாக ஜான்சன் அறிவித்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: 80 விழுக்காடு ஊதியத் திட்டம் நீடிக்கும்! எந்த 80-ஐ மான்செஸ்டர் கேட்டபோது இயலாது என்றார்களோ, அதே 80! பதினொரு நாளில் பணம் எங்கிருந்து முளைத்தது? வடக்கு மட்டும் அடைபடும்போது 67. தெற்கும் சேர்ந்து அடைபடும்போது 80. மான்செஸ்டர்ப் பணிப்பெண்ணின் வயிறு வேறு, இலண்டன் பணிப்பெண்ணின் வயிறு வேறு என்று எந்த மருத்துவ நூல் சொல்கிறது?

மறுதரப்பார் ஒன்று சொன்னார்கள். மருத்துவமனைகள் நிரம்புகின்றன, உயிர் போகும் நேரத்தில் மேயர் பேரம் பேசிக் காலத்தைக் கடத்தினார் என்றார்கள். எளிதில் தள்ளிவிடக்கூடிய குற்றச்சாட்டு அல்ல இது. மான்செஸ்டரில் தொற்று உயர்ந்தது உண்மை. ஒவ்வொரு நாளும் விலைமதிப்புள்ளது என்பதும் உண்மை. ஆனால் செப்டம்பர் 21-இல் சொன்ன அறிவுரையை மூன்று வாரம் பெட்டியில் வைத்திருந்தவர்கள், அக்டோபரில் மேயரின் பத்து நாளை எண்ணிக் காட்டலாமா? மேலும், பணப் பேச்சு வேறு, உயிர்ப் பேச்சு வேறு என்று பிரிப்பதே பசியறியாதவர் வாதம். கூலி உறுதியானால்தான் தொழிலாளி வீட்டில் தங்குவான். அவன் தங்கினால்தான் நோய் தங்காது. கொள்ளைநோய்க் காலத்தில் கூலியும் ஒரு மருந்து. அந்த மருந்தைக் கேட்டவரைப் பேரக்காரர் என்றார்கள்!

விதி வகுத்தவர்களின் வீட்டில் விதி எப்படி இருந்தது என்பதும் ஊரறிந்தது. டவுனிங் தெருவிலும் அரசு அலுவலகங்களிலும் முடக்க காலத்தில் நடந்த கூடல்களுக்காக இலண்டன் போலீசு 126 அபராதச் சீட்டுகள் வழங்கியது. 2022 ஏப்ரலில் பிரதமர் ஜான்சனும் நிதியமைச்சர் சுனக்கும் அபராதம் பெற்றார்கள். ஓல்டாமில் பேரன் பாட்டியை வாசலில் நின்று பார்த்துத் திரும்பினான். டவுனிங் தெருவில் குவளை குலுங்கியது.

தோழர்களே! இது கடல் கடந்த கதையென்று ஒதுக்கிவிட வேண்டாம். 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து, நான்கு மணி நேரத்தில் ஒரு துணைக்கண்டத்தையே பூட்டியதையும், சம்பளமும் சோறும் இன்றித் தொழிலாளர் மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலையில் நடந்ததையும் கண்ட கண்கள் நம் கண்கள். மொழி வேறு, நாடு வேறு. பூட்டின் இரும்பு ஒன்றே.

நாம் வேண்டுவது மூன்று. தொற்றின் கணக்கு தலைநகரில் தெரியும் அதே நாளில் உள்ளூரிலும் தெரியவேண்டும். ஒரு வட்டாரத்தை அடைக்குமுன் அவ்வட்டாரம் தேர்ந்தெடுத்தவர்களோடு அமர்ந்து பேசவேண்டும். ட்விட்டரில் அல்ல, மேசையில். அடைக்கும் ஆணையும் கூலிக்கான ஆணையும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில் வரவேண்டும். ஊருக்கு ஊர் விகிதம் மாறக்கூடாது.

கொள்ளைநோய் இன்னொரு நாள் வேறு பெயரில் வரும். மருத்துவர்கள் எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். அன்று அடங்கியிருக்கச் சொன்னால் அடங்கியிருப்போம். முகத்தை மூடச் சொன்னால் மூடிக்கொள்வோம். ஊசி போடச் சொன்னால் தோளை நீட்டுவோம். உழைப்பவன் ஊருக்காகத் துன்பம் தாங்க என்றும் தயங்கியதில்லை. ஆனால் துன்பத்தைப் பங்கிடும்போது தராசு நேராக நிற்கவேண்டும். பூட்டும் உரிமை கேட்கும் அரசு, ஊட்டும் கடமையையும் ஏற்கட்டும். ஏற்காத அரசை என்ன செய்வது என்பது மக்களுக்குத் தெரியும். 2024 ஜூலைத் தேர்தலில் இங்கிலாந்தின் வடபகுதி மக்கள், பல காரணங்களோடு இதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். லீ உள்ளிட்ட அந்தத் தொகுதிகளும் தொழிற்கட்சிக்குத் திரும்பின. ஆளவந்தார் மறப்பார்கள், அடுப்பெரியாத வீடு மறக்காது!